பரிசாக ஓர் ஆர்ட் ஜர்னல்: தாள், தையல், பசை

வண்ணம், ஒட்டுவேலை, கையெழுத்து மூன்றும் கலந்து ஒருவருக்காகவே செய்கிற நோட்டுதான் ஆர்ட் ஜர்னல். அதைப் பரிசாகச் செய்ய இறங்கிய வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் அலங்காரம் பற்றியவை குறைவு. நெளிந்துவிட்டது, ஒட்டிக்கொண்டது, மூட மாட்டேன் என்கிறது என்ற புலம்பல்தான் அதிகம். ஆகவே தாளிலிருந்தே தொடங்குவோம்.

அம்மாவின் பிறந்தநாளுக்காகக் கோடில்லாத நோட்டு ஒன்று வாங்கி வாட்டர்கலர் அடித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே தாள் நெளிந்து, பின்பக்கம் சாயம் தெரிகிறது. எந்தத் தாள் வாங்கலாம்? எத்தனை பக்கம் போதும்?

நீங்கள் வாங்கியது 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளாக இருக்கும். அது பேனாவுக்கான தாள், தூரிகையின் ஈரத்தைத் தாங்காது. லேசான வண்ணப்பூச்சும் ஒட்டுவேலையும் போதுமென்றால் 200 ஜி.எஸ்.எம். எடுங்கள். தண்ணீர் தாராளமாக ஓட வேண்டுமென்றால் 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் தாள். உறையில் ‘ஆசிட் ஃப்ரீ’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத மலிவுத் தாள் சில ஆண்டுகளில் பழுத்து நொறுங்கத் தொடங்கும்.

அளவு ஏ5 (148 × 210 மி.மீ.) கைக்கு அடக்கமானது. ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 வரும் என்பதால் எல்லோரும் ஏ4 கட்டு வாங்குகிறார்கள். சிக்கல் அங்கேதான். தாளின் இழைகள் ஒரு திசையில் படுத்திருக்கும். பெரும்பாலான ஏ4 தாளில் அவை நீளவாக்கில் ஓடுகின்றன. அதை மடித்தால் மடிப்பு இழைக்குக் குறுக்கே விழும். கனமான தாளென்றால் மடிப்பில் வெடிப்பு விடும், பக்கங்கள் படியாமல் எழும்பி நிற்கும்.

அதற்குப் பதில் ஏ3 வாங்கி, 420 மி.மீ. பக்கத்தின் நடுவில் வெட்டி இரண்டு ஏ4 ஆக்குங்கள். ஏ3 தாளின் இழை நீளவாக்கில் இருந்தால், இப்போது கிடைக்கும் ஏ4 மடிப்புக்கு இணையாக இழை கொண்டதாக இருக்கும். வெட்டும் முன் சோதித்துவிடுங்கள்: தாளை மடிக்காமல், உருட்டுவதுபோல வளைத்து உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பு குறைவோ, அந்த வளைவின் முதுகுக்கு இணையாக இழை ஓடுகிறது.

ஐந்து ஏ3 தாளில் பத்து ஏ4 கிடைக்கும். ஒன்பது தாள் புத்தகத்துக்கு. மும்மூன்றாக மடித்தால் மூன்று ஃபாரம் (ஒன்றாக மடித்துத் தைக்கும் தாள் கொத்து), மொத்தம் 36 பக்கம். பத்தாவது தாளைப் பத்திரமாக வையுங்கள். எந்தப் பசை, எந்தப் பேனா, எந்த வண்ணம் என்றாலும் முதல் பரிசோதனை அதில்தான். 300 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு ஃபாரத்துக்கு இரண்டு தாளுக்கு மேல் வேண்டாம். 36 பக்கம் குறைவாகத் தெரிகிறதா? செய்யத் தொடங்கினால் பன்னிரண்டாவது பக்கத்தில் அது நிறையவே என்று புரியும்.

மெஷின் இல்லாமல் வீட்டிலேயே தைக்க முடியுமா? அட்டையும் நானே செய்ய வேண்டும்.

முடியும். ஊசி, கனமான நூல், குத்தூசி, ஸ்கேல், கட்டர் போதும். மெல்லிய தையல் நூல் தாளை அறுத்துவிடும். பருத்தி அல்லது லினன் நூலாக, கனமாக எடுத்து, தேன்மெழுகுக் கட்டியின்மேல் இரண்டு முறை இழுத்துக்கொள்ளுங்கள். சிக்கு விழாது, முடிச்சும் வழுக்காது.

அட்டைக்கு ஏ3 அளவுள்ள, 300 ஜி.எஸ்.எம்.முக்குக் குறையாத கெட்டித்தாள். 324 மி.மீ. அகலம், 216 மி.மீ. உயரத்தில் வெட்டுங்கள். இடது ஓரத்திலிருந்து 152, 172 மி.மீ. இடங்களில் மேலிருந்து கீழாக மழுங்கிய முனையால் கோடு அழுத்தி மடித்தால் நடுவில் 20 மி.மீ. முதுகு கிடைக்கும். முதுகின் உட்புறத்தில் 5 செ.மீ. அகலத் துணிப் பட்டை ஒன்றை ஒட்டி, முழுக்கக் காயவிடுங்கள். இதைத் தவிர்த்தால் சில மாதங்களில் நூல் துளையிலிருந்து துளைக்கு அட்டையைக் கிழித்துக்கொண்டு போகும்.

துளைகள் ஐந்து: தாளின் மேல்விளிம்பிலிருந்து 25, 65, 105, 145, 185 மி.மீ. ஒரு துண்டுத் தாளில் இந்த அளவைக் குறித்து அச்சாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்பிலும் உள்ளிருந்து குத்துங்கள். அட்டை மேலே 3 மி.மீ. நீண்டிருப்பதால் முதுகில் அதே அச்சை 3 மி.மீ. இறக்கி வைக்க வேண்டும். முதுகின் அகலத்தில் 4, 10, 16 மி.மீ. இடங்களில் மூன்று வரிசை, வரிசைக்கு ஒரு ஃபாரம்.

ஒரு ஃபாரத்துக்கு 65 செ.மீ. நூல். துளைகளை மேலிருந்து ஒன்று முதல் ஐந்து என்று வைத்துக்கொள்வோம். உள்ளிருந்து மூன்றில் வெளியே வாருங்கள், உள்ளே 8 செ.மீ. வால் விடுங்கள். இரண்டில் உள்ளே, ஒன்றில் வெளியே, மறுபடி இரண்டில் உள்ளே. இப்போது மூன்றைத் தாண்டி நான்கில் வெளியே, ஐந்தில் உள்ளே, மறுபடி நான்கில் வெளியே, கடைசியாக மூன்றில் உள்ளே. இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே ஓடும் நீள நூலின் இந்தப் பக்கம் ஒரு வால், அந்தப் பக்கம் ஒரு வால் இருக்கும்படி வைத்து, அந்த நூலையும் சேர்த்து இரட்டை முடிச்சுப் போடுங்கள். நூலை மடிப்பின் போக்கிலேயே இழுங்கள். செங்குத்தாகத் தூக்கி இழுத்தால் துளை கிழியும். தைக்கும்போதே ஒரே துளையில் இரண்டாம் முறை நுழையும் ஊசி பழைய நூலைக் குத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குத்திவிட்டால் நூல் இறுகவே இறுகாது.

ஜர்னல் முடிந்தது, ஆனால் மூட மாட்டேன் என்கிறது. மீன் வாய்போல் திறந்தே நிற்கிறது. இனி என்ன செய்வது?

ஒட்டியதெல்லாம் பக்கத்தின் கனத்தைக் கூட்டியிருக்கிறது, முதுகின் அகலம் மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. தீர்வு, சில இலைகளை, அதாவது மடித்த தாளின் ஒரு பாதியை, எடுத்துவிடுவது. நான்கு இலைக்கு ஒன்றை, மடிப்பிலிருந்து 1.5 செ.மீ. விட்டு ஸ்கேல் வைத்து வெட்டுங்கள். பிய்த்து எடுக்காதீர்கள்: மடித்த தாளில் ஒரு பாதியைப் பிய்த்தால் மறுபாதி பிடிமானமில்லாமல் கழன்று வரும். மிஞ்சும் பட்டை முதுகில் இடைவெளியைத் தாங்கி நிற்கும். அதன்மேல் ஒரு வண்ணத் தாளைச் சுற்றி ஒட்டினால் வெட்டியது போலவே தெரியாது.

அடுத்த முறைக்கு: பொத்தான், சிப்பி, கனமான லேஸ் இவற்றை 2 மி.மீ.க்கு மேல் உயரவிடாதீர்கள், எல்லாவற்றையும் பக்கத்தின் நடுவிலேயே ஒட்டவும் வேண்டாம். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று இடம் மாற்றினால் ஒன்றின்மேல் ஒன்று குவியாது. மேலே சொன்ன 20 மி.மீ. முதுகு இதற்காகத்தான். வெறும் தாளாக 5 மி.மீ. அளவே வரும், மீதி இடம் ஒட்டுவேலைக்கு.

அக்ரிலிக் பூசிய பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தொட்டால் காய்ந்துதான் இருக்கிறது.

அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக் படலம். மேலே காய்ந்தாலும் சூடும் அழுத்தமும் புழுக்கமும் சேர்ந்தால் மறுபடி பிசுபிசுக்கும். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் அதே படலம் என்றால் கேட்கவே வேண்டாம். பளபளப்பு வகை மேட் வகையைவிட அதிகம் ஒட்டும்.

பூச்சை மெல்லியதாக வையுங்கள். கெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) அடிப்பதானால் கெட்டித் தூரிகையில் கொஞ்சமாக எடுத்து, தாளின் சொரசொரப்பு தெரியும் அளவுக்கே இழுங்கள். ஒரு விரிப்பு (எதிரெதிரான இரண்டு பக்கம்) முடிந்தால் 24 மணி நேரம் திறந்தே கிடக்கட்டும். ஹேர் டிரையர் வைத்து அவசரப்படுத்தியவுடன் மூடாதீர்கள், சூடு தணிந்தாக வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகு வெள்ளை மெழுகுவத்தியை மிக லேசாகத் தேய்த்து மெல்லிய துணியால் துடைத்தால் பிசுபிசுப்பு அடங்கும். ஆனால் அதன்மேல் எதுவும் எழுதவோ ஒட்டவோ முடியாது, அதனால் இது கடைசி வேலை. கொடுக்கும் நாள்வரை பக்கங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் இருக்கட்டும்.

ஏற்கெனவே ஒட்டிய பக்கங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே மெல்லிய நூலை இரு கையாலும் இழுத்துப் பிடித்து அறுப்பதுபோல நகர்த்தினால் சேதம் குறையும். உரிந்த இடத்தில் ஒரு தாள் துண்டை ஒட்டிவிடுங்கள். ஒட்டுவேலை நோட்டில் அது கறையாகத் தெரியாது.

பிரிண்டரில் எடுத்த போட்டோவை வெள்ளைப் பசையால் ஒட்டினால் நிறம் கரைகிறது, கடையில் பிரிண்ட் போட்டதை ஒட்டினால் பக்கம் சுருங்குகிறது. எதைத்தான் ஒட்டுவது?

இரண்டுக்கும் காரணம் பசையில் உள்ள தண்ணீர். பெரும்பாலான வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் சாய மை தண்ணீரில் கரையும். லேசர் பிரிண்டும் ஜெராக்ஸும் தூளை உருக்கிப் பதிப்பவை, அவை கரையாது. ஆகவே நனையப்போகும் படம் எல்லாவற்றையும் லேசரில் எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ பேப்பரின் முதுகில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. பசையின் ஈரம் அதற்குள் போக வழியில்லை, முழுவதும் உங்கள் பக்கத்துக்குள் இறங்குகிறது. பக்கம் உப்பிச் சுருங்குகிறது. அதற்கு ஆசிட் இல்லாத டபுள் சைடு டேப்தான் சரி. பழைய அசல் போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதை ஒட்டவே ஒட்டாதீர்கள். நகல் எடுத்து ஒட்டுங்கள், இல்லையென்றால் நான்கு மூலைக்கும் காகித மூலைகள் செய்து செருகுங்கள்.

பத்திரிகைப் படம், மெல்லிய வண்ணத்தாள் போன்றவற்றுக்கு வெள்ளைப் பசை நல்லது. சுருக்கம் வராமலிருக்க ஒரு கைப்பழக்கம் உண்டு: பசையைப் படத்தின் முதுகில் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூரிகையால் மெல்லியதாக இழுத்துவிட்டு, ஒரு நிமிடம் காத்திருங்கள். தாள் ஈரத்தில் விரிய வேண்டிய அளவுக்கு விரிந்துவிடும். பிறகு வைத்தால் பக்கத்தின்மேல் போய் விரிந்து மடிப்பு விழாது. மேலே பட்டர் பேப்பர் வைத்து, பழைய பிளாஸ்டிக் கார்டால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். அப்படியே மூடி, கனமான புத்தகங்களை ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

நாங்கள் இருவரும் முதன்முதலில் பார்த்த படத்தின் டிக்கெட்டை ஒட்டினேன். எழுத்து மறைந்துவருகிறது!

அது சூட்டில் அச்சாகும் தெர்மல் தாள். நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் சந்தேகமே வேண்டாம். அதில் மையே கிடையாது, தாளின் பூச்சுதான் கறுக்கிறது. வெளிச்சம், சூடு, சில பசைகள், பிளாஸ்டிக் உறை எல்லாமே அந்தப் பூச்சைக் கெடுக்கும். மிச்சம் இருக்கும்போதே அதே அளவில் லேசர் நகல் எடுத்து அதை ஒட்டுங்கள். ஓரத்தைக் கத்தரிக்காமல் ஸ்கேல் வைத்துக் கிழித்தால் அசல்போலவே இருக்கும். அசலை ஒரு சின்னக் காகித உறையில் போட்டுப் பின்பக்கம் செருகலாம்.

வண்ணத்தின்மேல் எழுதினால் பேனா நின்றுவிடுகிறது. ஜெல் பேனா என்றால் கையில் ஒட்டிக்கொண்டு இழுபடுகிறது.

அக்ரிலிக் படலம் மையை உறிஞ்சாது, முனையையும் அடைத்துவிடும். நல்ல பேனாவைப் பாழாக்க வேண்டாம், பெயின்ட் மார்க்கர் எடுங்கள். அல்லது எழுத வேண்டிய இடத்தைப் பூசாமல் விடுங்கள். அதைவிட எளிது, தனித் துண்டில் எழுதி ஒட்டுவது. எழுத்து பிழைத்தால் பக்கம் பாழாகாது.

ஈரம் படும் இடத்தில் பிக்மென்ட் மை உள்ள, வாட்டர்ப்ரூஃப் பேனாதான். பத்தாவது தாளில் எழுதி, பத்து நிமிடம் கழித்து ஈரத் தூரிகையை இழுத்துப் பாருங்கள். வெள்ளை ஜெல் பேனா எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் வர வேண்டும். அதன்மேல் எந்தப் பூச்சும் போடாதீர்கள்.

எனக்கு வரையவே வராது. அக்காவுக்கு ஒன்று செய்ய ஆசை. ஸ்டிக்கர், லேஸ், ரிப்பன் அடங்கிய கிட் வாங்கலாமா?

வாங்காதீர்கள். அந்தக் கிட்டில் வரும் பூவும் பட்டாம்பூச்சியும் யாருடைய ஜர்னலிலும் இருக்கும். உங்கள் அக்காவைத் தெரிந்தவர் மட்டும் செய்யக்கூடிய பக்கங்கள்தான் இதற்குத் தேவை, அதற்கு வரையத் தெரிய வேண்டியதில்லை.

ஒரு பக்கத்தைப் பார்ப்போம். வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் ‘கதவைப் பூட்டினாயா?’ என்று கேட்கிற அக்கா. வெளிர் மஞ்சளில் ஒரு கை பூசி, காய்ந்ததும் வீட்டுச் சாவியையே தாளின்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரையுங்கள். இடம் மாற்றி, திசை மாற்றி ஏழெட்டு முறை, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறட்டும். ஏறிய பகுதிகளை மட்டும் கருநீலத்தால் நிரப்புங்கள். ஓரத்தில் அந்த ஒரு கேள்வியை ஐந்து அளவுகளில் எழுதுங்கள், பெரியதில் தொடங்கித் தூரத்திலிருந்து கேட்பதுபோலச் சிறுத்துக்கொண்டே போகட்டும். வேறு எதுவும் வேண்டாம். உறவினர் யாராவது பார்த்தால் ஒன்றும் புரியாது, அக்காவுக்கு மட்டும் புரியும்.

இதே வழியில் இன்னும் பல வரும். அவர் அடிக்கடி உடுத்தும் உடையிலிருந்து மூன்று நிறங்களைக் கலந்து எடுத்துப் பட்டை பட்டையாக அடிக்கலாம். அவருடைய பழைய கடிதத்தின் ஒரு வரியை அவர் கையெழுத்திலேயே கொண்டுவரலாம்: கடிதத்தை லேசரில் நகலெடுத்து, நகலின் பின்பக்கம் 4பி பென்சிலால் கறுப்பாகத் தேய்த்து, பக்கத்தின்மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் எழுத்தின்மேலேயே போனால் வரி கீழே பதியும். அதன்மேல் மையால் எழுதி, பென்சில் தடத்தை அழித்துவிடலாம். நீங்கள் இருவரும் சண்டை போட்ட காரணங்களின் பட்டியல்கூட நல்ல பக்கம்தான். ‘நீ உலகிலேயே சிறந்த அக்கா’ என்ற வரியைத் தவிர்த்துவிடுங்கள். அது வாழ்த்து அட்டையின் வேலை.

ஒரு விரிப்புக்கு ஒரு விஷயம் போதும். இரண்டு நிறம், கூட ஓர் அடர்நிறம். பச்சையும் சிவப்பும், ஊதாவும் மஞ்சளும் ஈரத்தோடு சந்தித்தால் சேற்று நிறம்தான் வரும், ஒன்று காய்ந்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

ஒட்டிய பூக்கள் பழுப்பாகி, பக்கத்தில் கறையும் படிந்துவிட்டது.

முழுக்க உலரும் முன்பே ஒட்டியிருக்கிறீர்கள். உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே, கனத்தின்கீழ், இரண்டு மூன்று வாரம் இருக்க வேண்டும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று முறை தாளை மாற்றுங்கள். சதைப்பற்றான பூக்கள் வேண்டாம், உலர்வதற்குள் பூஞ்சை பிடிக்கும். மெல்லிய இதழ்களும் இலைகளும் நன்றாக வரும். வெளிச்சத்தில் நிறம் வெளுப்பதை யாராலும் தடுக்க முடியாது, மூடிய நோட்டில் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

பாட்டிக்குப் பார்வை மங்கல், விரல்களும் சரியாக மடங்காது. அவருக்கு ஏற்றமாதிரி செய்ய முடியுமா?

தாராளமாக. எழுத்தின் உயரம் 8 முதல் 10 மி.மீ., கறுப்பு மை, வெளிர் க்ரீம் நிறப் பின்னணி. படத்தின்மேல் எழுதாமல் பக்கத்திலேயே எழுதுங்கள். பளபளப்புப் பூச்சு கூடவே கூடாது, விளக்கு வெளிச்சம் பட்டுக் கூசும். ஒவ்வொரு படத்தின் அடியிலும் யார், என்ன உறவு என்று முழுதாக எழுதிவிடுங்கள்.

தாளைப் புரட்டுவதுதான் அவருக்குச் சிரமம். இலைகளைப் பத்துக்குள் நிறுத்தி, ஒவ்வொன்றின் வலது ஓரத்திலும் 2 செ.மீ. துணிக் காது ஒன்றை, படிப்படியாக இறங்கும்படி ஒட்டுங்கள். அதைப் பிடித்தே திருப்பலாம். முழுக்கத் திறந்து தட்டையாகக் கிடக்கும் ரிங் பைண்டிங் இவருக்குத் தையலைவிட வசதி. பக்கத்துக்கு ஒன்றாக, தொட்டுணர ஏதாவது வையுங்கள்: பழைய புடவைத் துண்டு, வரிவரியான அட்டை, பின்னிய நூல்.

பரிசாகக் கொடுத்த பிறகு அவரே தொடர்ந்து எழுத வேண்டும் என்று ஆசை. சில பக்கங்களைக் காலியாக விடலாமா?

விடலாம், மூன்றாவது ஃபாரம் முழுவதையும். அதில் கெஸ்ஸோவோ அக்ரிலிக்கோ படக்கூடாது, சாதாரணப் பேனா ஓட வேண்டும். வெற்றுத்தாள் சிலரை மிரட்டும். இரண்டு மூன்று பக்கங்களின் மூலையில் மட்டும் நீங்களே ஒரு கேள்வியைப் பென்சிலால் எழுதிவையுங்கள்.

வெளியூரில் இருக்கும் தோழிக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும். எத்தனை நாள் முன்பே தொடங்குவது?

நான்கு வாரம். பூ ஒட்டுவதானால் அதை முதல் நாளே அழுத்தத்தில் வைத்துவிடுங்கள். தைக்க ஒரு நாள், பக்கங்களுக்கு மூன்று வாரம். கடைசி மூன்று நாள் எதையும் பூசவோ ஒட்டவோ வேண்டாம், நோட்டைச் சற்று விரித்தே வையுங்கள். அனுப்பும்போது பக்கங்களுக்கு நடுவே புது பட்டர் பேப்பர், இருபுறமும் நோட்டைவிட 1 செ.மீ. பெரிய கெட்டி அட்டை, அதன்மேல் காகிதம், கடைசியாக மட்டுமே பிளாஸ்டிக் உறை. ஈரம் முழுக்கப் போகாமல் பிளாஸ்டிக்கில் சுற்றினால் உள்ளேயே பூஞ்சை வளரும். நோட்டை ரப்பர் பேண்டால் இறுக்காதீர்கள், தளர்வாக ஒரு நாடா போதும். பக்கங்களுக்கு நடுவே இருக்கும் தாளைத் தோழி எடுத்து எறிந்துவிடாமல், கோடையில் அப்படியே வைத்திருக்கும்படி ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள்.